ஜெசிகா டூப்ராஃப் விமான விபத்து, 1996 – தப்பு யார் மேல?

கல்லணை (இழையைத் தொடங்கியவர்)

வேறொரு இழையில் ஒருத்தர் "ஏழு வயசுப் பிள்ளை கையில விமானத்தைக் கொடுத்தா விழாம என்ன செய்யும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் போட்டால் திசை மாறிவிடும் என்பதால் தனி இழை. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடு இல்லை.

தெரியாதவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1996 ஏப்ரல் 10. கலிஃபோர்னியாவில் பசிபிக் கரையோரம் ஹாஃப் மூன் பே என்ற ஊர். அங்கிருந்து செஸ்னா 177பி கார்டினல் ஒன்று கிளம்புகிறது. ஒற்றை எஞ்சின், நாலு சீட்டு. இடது முன் சீட்டில் ஜெசிகா, வயது 7. மே மாதம் வந்தால் எட்டு. கண்ணாடிக்கு வெளியே தெரிவதற்காகச் சீட்டின் மேல் மெத்தை, பெடலுக்குக் கால் எட்டுவதற்காக அலுமினிய நீட்டிப்பு. வலது சீட்டில் பயிற்சியாளர் ஜோ ரீட், 52. பின் சீட்டில் அப்பா லாயிட், 57. எட்டு நாளில் அட்லாண்டிக் கரை வரை போய்த் திரும்ப வேண்டும், அமெரிக்காவைக் குறுக்கே கடந்த மிகச் சிறு வயது விமானி என்ற பேர் ஜெசிகாவுக்குக் கிடைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

நெவாடாவில் எல்கோ, வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்று இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, முதல் நாள் சாயங்காலம் ஷையான் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலை 8:24. மழையில் கிளம்பிய விமானம் ரன்வேயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே, வீடுகள் இருக்கும் ஒரு தெருவில் விழுந்தது. மூன்று பேரும் இறந்துவிட்டார்கள். தரையில் இருந்த யாருக்கும் அடி இல்லை.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்.டி.எஸ்.பி, 1997இல் அறிக்கை கொடுத்தது. அது சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: வானிலை கெட்டுக்கொண்டே வரும்போது, அளவுக்கு மேல் பாரத்தோடு, தனக்குப் பழக்கமில்லாத உயரத்திலிருந்து கிளம்பலாம் என்று பொறுப்பு விமானி எடுத்த தவறான முடிவு, அதன் விளைவாக வேகம் குறைந்து ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடுவது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: டிவிக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கும் சேர்ந்து நெருக்கிய பேராசைப் பயணத்திட்டம்.

பொறுப்பு விமானி ரீட். ஜெசிகாவிடம் லைசென்ஸ் கிடையாது, வாங்கும் வயதும் இல்லை. சட்டப்படி அவள் ஒரு பயணி, அவ்வளவுதான். பிள்ளை ஓட்டி விழுந்தது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை.

பொருநை

//சட்டப்படி அவள் ஒரு பயணி, அவ்வளவுதான்//

சட்டத்த விடுங்கண்ணே. விமானி சீட்டுல உக்காந்தது யாரு? அந்தப் பிள்ளதான? வெளிய மழை, காத்து. அந்த நேரத்துல கண்ட்ரோல் யாரு கையில இருந்துச்சுன்னு யாரு பாத்தா? உள்ள இருந்த மூணு பேருல ஒருத்தரும் மிஞ்சல. ஏழு வயசுப் பிள்ளைய அங்க உக்கார வச்ச அப்பன முதல்ல கூண்டுல ஏத்தணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

கல்லணை

பொருநை, நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பது சரி. ஆனால் மோதும்போது கண்ட்ரோலைப் பிடித்திருந்தவரின் கையிலும் மணிக்கட்டிலும் விழும் காயம் தனி மாதிரி. அதை வைத்துக் கடைசி நேரத்தில் ஓட்டியது ரீட் என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த விமானங்களில் இரண்டு முன் சீட்டுக்கும் தனித்தனிக் கண்ட்ரோல் உண்டு. முந்தின நாள் குறுக்குக் காற்றில் இறங்கும்போதும் அவர்தான் கை கொடுத்திருக்கிறார்.

அப்பாவைக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யோசனையே அவருடையதுதான். ஆனால் அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லும் தகுதியும் அதிகாரமும் அங்கே ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

ரன்வே சங்கர்

வணக்கம். நான் பி.பி.எல் (தனியார் விமானி லைசென்ஸ்) வைத்திருப்பவன், செஸ்னா 172இல் கற்றுக்கொண்டவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விபத்தில் எல்லாரும் மழையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஊரின் உயரத்தை. ஷையான் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,156 அடி. குன்னூரில் ரன்வே போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஹாஃப் மூன் பே வெறும் 66 அடி, நம்ம மீனம்பாக்கம் மாதிரி. ரீட்டின் கை பழகியது அந்தக் கடலோரக் காற்றில்.

மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் மெலிந்த காற்றைத்தான் குடித்தாக வேண்டும். அன்று காலை வெப்பத்தையும் அழுத்தத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், விமானத்தைப் பொறுத்தவரை அது 6,670 அடி உயரம். கார்டினலுக்கு 180 குதிரைத்திறன் என்று புத்தகத்தில் இருக்கும். அந்த உயரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மிக்ஸ்சரை (காற்றோடு பெட்ரோல் கலக்கும் அளவை) கடலோரத்தில் வைப்பது போல முழு ரிச்சில், அதாவது பெட்ரோல் அதிகமாக, விட்டால் இன்னும் குறையும். இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் அதே மெலிந்த காற்றுதான். ஆகவே ரன்வேயில் ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாக இருக்கும். இதில் மோசம் என்னவென்றால், ஸ்பீடோமீட்டர் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கும். முதுகுக்குத்தான் வித்தியாசம் தெரியும்: வழக்கமாகச் சீட்டோடு சேர்த்து அழுத்துகிற அந்தத் தள்ளல் இருக்காது. பழக்கமில்லாதவர் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பார்.

அடுத்தது பாரம். அந்த விமானத்துக்கு அதிகபட்சம் 2,500 பவுண்டு. கிளம்பும்போது 96 பவுண்டு கூடுதல், ஏறத்தாழ 44 கிலோ. டேங்க் நிறையப் பெட்ரோல், மூன்று பேர், எட்டு நாள் சாமான். போகிற ஊரில் எல்லாம் கொடுப்பதற்காக ஜெசிகா பெயர் போட்டு அடித்த தொப்பிகள் வேறு.

ஸ்டால் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அன்று எஞ்சினில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. இறக்கை காற்றை ஓர் அளவுக்கு மேல் நிமிர்ந்து எதிர்கொண்டால், மேலே வழியும் காற்று பிய்ந்துபோய் இறக்கை தூக்குவதை விட்டுவிடும். எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும், விமானம் விழும். எந்த வேகத்துக்குக் கீழே இது நடக்கும் என்பது பாரத்தையும் சாய்வையும் பொறுத்தது. 96 பவுண்டுக்கு அந்த வேகம் 2 சதவீதம்தான் கூடும். திரும்புவதற்காக 30 டிகிரி சாய்த்தால் 7 சதவீதம். 45 டிகிரி என்றால் 19 சதவீதம். அன்று இவர்களுக்கு முன்னால் போன விமானம், காற்றில் 15 நாட் அளவுக்கு வேகம் கூடிக் குறைகிறது என்று சொல்லியிருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கிளம்பியது வடமேற்குப் பக்கமாக, மழை வருகிற திசையில். ஏறியதும் வலது பக்கம் திரும்பிக் கிழக்கே ஓடிவிடப் பார்த்திருக்கிறார். பலமான மேற்குக் காற்று அப்போது முதுகுப் பக்கம் வந்துவிடும். கீழே வீடுகள் விறுவிறுவென்று பின்னால் ஓடும். தாழ்வாகப் பறக்கும்போது அதைப் பார்த்து "வேகம் இருக்கு" என்று கண் நம்பிவிடும். காற்றோடு ஒப்பிட்ட வேகம் வேறு, தரையோடு ஒப்பிட்ட வேகம் வேறு. எனக்கு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் கரும்பலகையில் ஒரு தடவை எழுதிவிட்டு விடவில்லை, ரன்வேயைச் சுற்றி வரும் ஒவ்வொரு பயிற்சிச் சர்க்யூட்டிலும் கேட்பார்.

சுண்டல்

சங்கர் சார் பாடம் அருமை. முதுகுக்குத் தெரியும்னு சொன்னீங்களே, எங்க ஊர் மினி பஸ்ல கொல்லிமலை ஏறும்போது எனக்கும் தெரியும், ஆனா நான் டிக்கெட் எடுத்த பயணி, மூக்கைத் தூக்க முடியாது 😄

போன வருஷம் ஜூன்ல அகமதாபாத்ல ஏறின உடனே விழுந்துச்சே, அதுவும் இந்த ஸ்டால் கணக்குல வருமா?

மட்டுறுத்துநர்

2025 அகமதாபாத் விபத்துக்குத் தனி இழை இருக்கிறது. அது போயிங் 787 என்ற பெரிய பயணிகள் விமானம், இது நாலு சீட்டு செஸ்னா. அந்தப் பேச்சை அங்கேயே வைத்துக்கொள்ளவும். இங்கே வந்தால் நகர்த்திவிடுவேன்.

டென்வர் தமிழ்

ஷையான் எங்கள் ஊரிலிருந்து வடக்கே நூறு மைல். ஐ-25 நெடுஞ்சாலையில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள். அந்தப் பக்கம் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் சங்கர் சொன்னது முழுசாகப் புரியும்.

இங்கே வசந்தம் என்றால் பூ இல்லை, காற்று. ஷையான் தாண்டி ஐ-80இல் காலி லாரிகள் போக வேண்டாம் என்று போர்டு போட்டு நிறுத்திவிடுவார்கள். அப்படியும் வருடத்துக்குச் சில லாரி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். காலையில் நீலமாக இருக்கும் வானம், மேற்கே மலைப் பக்கம் ஒரு சாம்பல் கோடு தெரியும். அந்தக் கோடு தலைக்கு மேல் வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. வந்தால் மழை, ஆலங்கட்டி, ஈரப் பனி எல்லாம் ஒரே கலவையாகக் கொட்டும். கிழக்கே திரும்பிப் பார்த்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஆளை ஏமாற்றுவது. "அந்தா வெயில் இருக்கு, அங்க போயிடலாம்" என்று கார் ஓட்டுகிற நாமே நினைப்போம்.

பெரும்பாலும் அந்த மழை நின்று வேலை செய்யாது, கடந்து போய்விடும். இங்கே சின்ன விமானம் ஓட்டும் நண்பர்கள் அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கல்லணை

//கிழக்கே திரும்பிப் பார்த்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்//

டென்வர் தமிழ், சரியான இடத்தைத் தொட்டீர்கள். ரீட் அன்று காலை வானிலை விவரம் கேட்டு போன் செய்தபோது, கிழக்கே பார்த்தால் வெயில் அடிக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர் "மழை வருது, இருந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். புயல் வருவதற்குள் கிளம்பிவிடுகிறோம் என்று பதில்.

அதற்கப்புறம் நடந்த சில சின்ன விஷயங்கள்தான் எனக்கு அறிக்கையிலேயே முக்கியமாகப் பட்டவை. எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார்; முன் சக்கரத்துக்கு வைத்த கட்டை அப்படியே இருக்கிறது. தரையில் நின்ற ஊழியர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அப்புறம் கட்டையை எடுக்கிறார்கள். ரேடியோவில் அலைவரிசைக் குழப்பம். பார்வை தூரம் மூன்று மைலுக்குக் கீழே வந்துவிட்டது, கண்ணால் பார்த்துப் பறக்கும் வழக்கமான விதிப்படி கிளம்ப முடியாது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று டவர் கேட்கிறது. ஸ்பெஷல் வி.எஃப்.ஆர் (பார்வை தூரம் குறைந்தாலும் கண்ணால் பார்த்தே பறக்கத் தனி அனுமதி) என்று கேட்க வேண்டியவர் ஸ்பெஷல் ஐ.எஃப்.ஆர் என்கிறார்; ஐ.எஃப்.ஆர் என்றால் மீட்டரைப் பார்த்துப் பறக்கும் விதி. அப்படி ஒரு அனுமதியே கிடையாது. பிறகு திருத்திக் கேட்டு வாங்குகிறார்.

மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவர் இவர். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட இதில் இல்லை. முந்தின நாள் முழுக்கப் பறந்த களைப்பு, காலையிலிருந்து கேமரா, பேட்டி, "எப்போ கிளம்பறீங்க" என்று கேட்கும் கூட்டம். டவர் "கிளம்பாதே" என்று தடுக்க முடியாது. விதிப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். முடிவு ஓட்டுபவருடையது.

மல்லிகா டீச்சர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விமானம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் பற்றி முப்பது வருடப் பழக்கம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

இந்தச் சாதனையைப் பதிவு செய்ய ஆளே இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கின்னஸ்காரர்கள் "மிக இளைய விமானி" என்ற வகையையே ஏழு வருடம் முன்னால், 1989இல் எடுத்துவிட்டார்கள். இப்படி ஏதாவது நடக்கும் என்ற பயத்தில்தான். அப்படியானால் யாருக்காக அந்த எட்டு நாள் கெடு? டிவிக்காக. ஏபிசி செய்திப் பிரிவு விமானத்துக்குள் படமெடுக்கச் சொல்லி கேமராவும் டேப்பும் கொடுத்தது. விழுந்த பிறகு அதே ஊடகங்கள் "இது நியாயமா" என்று விவாதம் நடத்தின. டைம் பத்திரிகை அட்டையில் அந்தக் குழந்தையின் படம்.

நம் பக்கம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2007இல் மணப்பாறையில் 15 வயதுப் பையன் சிசேரியன் ஆபரேஷன் செய்த வீடியோவை, டாக்டர்களான பெற்றோரே பெருமையாக மருத்துவர் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். அங்கேயும் நோக்கம் கின்னஸ்தான். அதற்கு முந்தின வருடம் ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுப் பிள்ளையைப் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓட வைத்து டிவியில் காட்டினார்கள். எல்லா இடத்திலும் "அவனுக்கே ஆசைதான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜெசிகாவின் அம்மாவும் விபத்துக்குப் பிறகு, குழந்தைகள் பறக்க ஆசைப்பட்டால் பறக்க விடுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார். அந்தத் தாயைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏழு வயதில் ஒரு பிள்ளையின் ஆசை என்பது யார் முகம் மலர்கிறது என்று பார்த்து வருவது. வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

பொருநை

டீச்சர் சொன்னதுக்கு எழுந்து நின்னு கைதட்டுறேன். நான் முதல்ல சொன்னதும் அதுதான், எனக்கு இப்படி எழுத வரல.

ரன்வே சங்கர்

டீச்சர் சொன்னதில் பெரும்பகுதி ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சின்ன மறுப்பு மட்டும். 1993இல் விக்கி வான் மீட்டர் என்ற 11 வயதுப் பெண் மேய்ன் மாநிலத்திலிருந்து சான் டியேகோ வரை ஒரு பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த வருடம் 12 வயதில் அட்லாண்டிக்கையே தாண்டி ஸ்காட்லாந்து போனாள். ஒரு கீறல் இல்லை. அப்போது எல்லாரும் கொண்டாடினார்கள், வெள்ளை மாளிகைக்குக்கூடக் கூப்பிட்டார்கள். பிள்ளை ஓட்டினால் விழும் என்பது விதியானால் அதுவும் விழுந்திருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறுவனிடம் கண்ட்ரோலைப் பிடிக்கக் கொடுப்பதில் தனியாக ஆபத்து ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பவர் ஒழுங்காக இருந்தால்.

மல்லிகா டீச்சர்

சங்கர் தம்பி, அந்த "ஒழுங்காக இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால், கேமரா இல்லாவிட்டால் ரீட் அன்று கிளம்பியிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

கல்லணை

டீச்சர், சட்டமும் உங்கள் பக்கம்தான் சாய்ந்தது. 1996 அக்டோபரில் குழந்தை விமானி பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். லைசென்ஸும் மருத்துவச் சான்றும் இல்லாத ஒருவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ சாகசத்துக்காகவோ பறக்கிறார் என்று தெரிந்தால், பொறுப்பு விமானி அவரிடம் கண்ட்ரோலைக் கொடுக்கக் கூடாது. சாதாரணமாகக் கொடுப்பதற்குத் தடையில்லை.

எனக்கு இந்தச் சட்டத்தில் பெரிய திருப்தி இல்லை. அன்று ஷையானில் விமானத்தை வீழ்த்திய ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராக ஏற்கெனவே விதியோ புத்தகத்தில் வரையறையோ இருந்தது. 2,500 பவுண்டுக்கு மேல் ஏற்றாதே என்பது பழைய விதி. புது விதி பிள்ளைகளைப் பற்றியது. அரசியல்வாதிகளுக்குப் படத்தில் தெரிந்தது பிள்ளை முகம், அதனால் அதற்கு ஒரு சட்டம்.

ரன்வே சங்கர்

இங்கே நான் கல்லணைக்கு எதிர்க் கட்சி. பாரம் கூடினால் தப்பு என்று தெரியாதவர் இல்லை ரீட். தெரிந்தவரைத் தெரிந்த தப்பைச் செய்ய வைத்தது கெடு. கெடுவை வைத்தது சாதனை. வேரை வெட்டுகிற சட்டம்தானே இது? அமெரிக்காவில் அதற்கப்புறம் ஏழு வயது, எட்டு வயது என்று யாரும் கிளம்பவில்லை.

வல்வை மைந்தன்

வணக்கம் உறவுகளே, கனடாவில இருந்து எழுதுறன். வேர் வெட்டுப்பட்டது எண்டு சங்கர் அண்ணை சொல்லுறார். எனக்கு ஐமிச்சமாக் கிடக்கு.

2014இல ஹாரிஸ் சுலைமான் எண்டு 17 வயசுப் பெடியன், இந்தியானா மாநிலம், பாகிஸ்தான் வழிக் குடும்பம். தகப்பனோட பீச்கிராஃப்ட் பொனான்சா ஒண்டில உலகத்தைச் சுத்தப் போனவன். முப்பது நாளுக்குள்ள சுத்தி முடிச்ச மிக இளைய விமானி எண்டு பேர் எடுக்கோணும், பாகிஸ்தானில பள்ளிக்கூடங்களுக்குக் காசு சேர்க்கோணும், அதுதான் நோக்கம். நல்ல நோக்கம். யூன் 19 வெளிக்கிட்டவை. யூலை 22 இரவு அமெரிக்கன் சமோவாவில பாகோ பாகோவில இருந்து ஹவாய்க்கு ஏறின கையோட கடலுக்குள்ள விழுந்திட்டுது. தகப்பன்ட உடம்பே கிடைக்கேல்ல. பெடியனிட்ட முறையான லைசென்ஸ் இருந்தது, ஆனபடியா 1996 சட்டம் அவனைத் தொடாது. சாதனை, தகப்பன், கெடு, ஏறின உடன விழுந்தது, எல்லாம் அச்சொட்டா அதே மாதிரி.

ரன்வே சங்கர்

அச்சொட்டாக இல்லை அண்ணே. தேதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜூன் 19இல் கிளம்பினால் முப்பது நாள் ஜூலை 19ஓடு முடிந்தது. விழுந்த இரவில் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. அங்கே என் கவலை வேறு. இரவு, விளக்கே இல்லாத கடல், நீண்ட பயணத்துக்கான முழு எரிபொருள் பாரம். ரன்வே விளக்குகள் பின்னால் போன மறுநொடி வானம் எது, தண்ணீர் எது என்று கண்ணுக்குத் தெரியாது. வேகம் கூடும்போது மூக்கு தூக்கிக்கொண்டிருப்பதாக உள்காது பொய் சொல்லும், கை தானாக மூக்கை இறக்கும். சின்ன விமானம், பெரிய விமானம் இரண்டையும் இது தின்றிருக்கிறது. மீட்டரை மட்டும் நம்பிப் பழகினவர்தான் தப்பிப்பார்.

வல்வை மைந்தன்

கெடு முடிஞ்சாலும் வீட்டை போற அவசரம் முடியாதெல்லோ. அதுவும் இரவில வெளிக்கிட வேண்டிய தேவை என்ன? சரி, நீங்கள் ஓட்டுற ஆள், உங்களுக்கு விட்டிட்டன்.

சுண்டல்

ஒரு டவுட். 44 கிலோ எக்ஸ்ட்ராங்கிறது பெரிய விஷயமா? அந்தத் தொப்பி மூட்டையையும் பாதிப் பெட்ரோலையும் இறக்கி வச்சிருந்தா தப்பிச்சிருப்பாங்களா? நக்கலுக்குக் கேக்கல, நிஜமா.

ரன்வே சங்கர்

நல்ல கேள்வி சுண்டல். பாரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அதே நிமிடத்தில், அதே மழைக்குள், அதே மாதிரி திரும்பியிருந்தால்? தப்பித்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2 சதவீதம்தான் வித்தியாசம். மாறாக, பாரம் அப்படியே இருந்து, மழை கடந்த பிறகு கிளம்பி, நேராகப் போய் உயரம் எடுத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பியிருந்தால் அந்தத் தொப்பிகளோடேயே அடுத்த நிறுத்தமான நெப்ராஸ்கா லிங்கனில் இறங்கியிருப்பார்கள். அதற்காகப் பாரம் ஏற்றலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பெட்ரோல் போட்டிருந்தால் வழியில் ஒரு தடவை கூடுதலாக இறங்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்குத் திட்டத்தில் இடம் இல்லை.

பொருநை

அப்போ கடைசியில நேரம்தான் வில்லன்னு சொல்றீங்க. ஆனாலும் சொல்றேன் கல்லணை அண்ணே, உங்க அறிக்கை ரீட்டோட நிக்குது. ரீட்டுக்குக் கூலி கொடுத்துக் கூப்பிட்டது யாரு, டிவிய கூப்பிட்டது யாரு, எட்டு நாள்னு எழுதினது யாரு? நான் அந்த அப்பன விடமாட்டேன்.

கல்லணை

விட வேண்டாம். ரீட்டையும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. காசு கொடுப்பவர் ஆயிரம் கேட்பார். இன்று முடியாது என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம், புது உறுப்பினர். விவாதத்துக்கு நடுவில் சொந்தக் கேள்வி, மன்னிக்கவும். என் மகளுக்கு 12 வயது, விமானி ஆக வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரம்மா "வேண்டவே வேண்டாம்" என்கிறார். இந்தியாவில் எந்த வயதில் தொடங்கலாம்? அதுவரை என்ன செய்யலாம்?

ரன்வே சங்கர்

வைகைக்கரை சார், வாழ்த்துகள். இங்கே மாணவர் லைசென்ஸுக்கு 16 வயது ஆக வேண்டும், தனியார் விமானி லைசென்ஸுக்கு 17, கமர்ஷியலுக்கு 18. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் கட்டாயம், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் என்.சி.சி விமானப் பிரிவு இருந்தால் சேர்த்துவிடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் சிமுலேட்டர் போதும். அதில் ஷையான் விமான நிலையமும் இருக்கிறது. ஒரு தடவை கடலோர ஊரிலும் ஒரு தடவை அங்கேயும் அதே பாரத்தோடு கிளம்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ரன்வே எவ்வளவு தூரம் தின்கிறது என்று அவளே நோட்டில் எழுதட்டும். லட்சக்கணக்கில் பீஸ் கட்டுவதற்கு முன்னால் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது கட்டணம் கட்டிய பிறகு தெரிந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை

ரொம்ப நன்றி சார். நோட்டு வாங்கியாச்சு. கண் டாக்டரிடம் சனிக்கிழமை போகிறோம். வீட்டுக்காரம்மாவிடம் 16 வயது வரை தரையில்தான் என்று சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு அமைதி.